அவர் பெயரில் நான் இட்ட குறிகள்

அந்தக் குறிகளை விஸ்வநாதன் இடவில்லை. நான் இட்டேன். அவருடைய பெயரில், அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் நான் இட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவும் உங்களிடம்... முகம் தெரியாத உங்களிடம்!

மட்டாஞ்சேரியில், பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். பழைய கட்டடங்களை எப்படிப் பழுதுபார்ப்பது, எந்தச் சுவரைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஆலோசனை சொல்லும் நிறுவனம். நான் பொறியாளர் அல்ல. நிர்வாகம் பார்ப்பவள். திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்கு வந்தவள்.

விஸ்வநாதன் வரைபடங்களைப் பாதுகாப்பவர். தலைமுறைகளாக மட்டாஞ்சேரியிலேயே வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது. பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். எங்களுக்கெல்லாம் அவர் விஸ்வேட்டன், அதாவது விஸ்வா அண்ணன். கட்டடத்தின் பெயரைச் சொன்னால் போதும், அலமாரியிலிருந்து சரியான சுருளை எடுத்து வருவார். ஆனால், "ஓரத்துல எழுதினதை வாசிச்சியா?" என்று கேட்காமல் கையில் தர மாட்டார். அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டும். ஆம், எரிச்சல்தான். அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

வேலைத் திட்டம், ஆட்களின் நேரம், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர இயக்குநர் ஜார்ஜ் சார் முடிவு செய்தார். திட்டமிடும் பொறுப்பை எனக்குத் தந்தார். காக்கநாட்டிலிருந்து மென்பொருள்காரர்கள் வந்து போனார்கள். எத்தனை கூட்டங்கள்! எத்தனை பட்டியல்கள்! ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்பவர்களுக்கு நான் ஆலோசனை சொல்கிறேன் என்ற பெருமிதம் எனக்கு.

ஒரு கூட்டத்தில் விஸ்வேட்டன் மட்டும் கையை உயர்த்தினார்.

"ஸ்கேன்ல பென்சில் எழுத்து தெரியல்லியே. நம்ம ஆளுங்க சைட்டுல பார்த்து ஓரத்துல எழுதினதெல்லாம் இதுல எங்க கேறும்?"

நியாயமான கேள்வி. அதற்காக நானே ஒரு விதியை வகுத்தேன். ஒவ்வொரு பழைய வரைபடத்தையும் அவர் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். ஓரக் குறிப்புகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு 'சரிபார்க்கப்பட்டது' என்று குறியிட வேண்டும். அந்தக் குறி விழாத வரைபடம் அச்சாகாது. கவனியுங்கள்... அந்த விதியை வகுத்தவளும் நான்தான்.

அவர் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து என்று முடித்துக்கொண்டிருந்தார். புதிய முறை தொடங்க வேண்டிய திங்கட்கிழமை நெருங்கிவிட்டது. நான் போய் அவசரப்படுத்தினேன்.

"ஓடிச்சுப் பார்த்தா சரியாவாது கலா. ஒவ்வொண்ணும் ஒரு கெட்டிடமாக்கும்" என்றார்.

அந்த வாரம் அவருடைய மனைவிக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. விடுப்பில் போனார். வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து அழைத்தார். ஒரு வரைபடத்தைப் பார்த்து முடித்துவிட்டாராம், குறியிட மறந்துவிட்டாராம், ஃபோனில் தட்டிப் பார்த்தும் பிடிபடவில்லையாம், வேலையிடத்தில் காத்திருக்கிறார்களாம். "என் பாஸ்வேர்டை எழுதிக்கோ. அது ஒண்ணை மட்டும் போட்டுக் கொடு."

ஒன்றை மட்டும்.

சனிக்கிழமை அலுவலகத்தில் யாருமில்லை. அந்த ஒன்றை முடித்தேன். கீழே பட்டியல் நீண்டு கிடந்தது. மேலே, 'அனைத்தும்' என்றொரு கட்டம். அதைத் தொட்டேன். எல்லா வரைபடங்களும் ஒரே நொடியில் பச்சையாயின... திங்கட்கிழமை தொடங்கட்டும், பிறகு அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனப்பூர்வமாகத்தான் சொல்லிக்கொண்டேன். அது போதுமா?

திங்கட்கிழமை கேக் வெட்டினார்கள். ஜார்ஜ் சார் எல்லோர் முன்னிலையிலும் என் பெயரைச் சொன்னார். விஸ்வேட்டன் இரண்டு வாரம் கழித்தே திரும்பினார். பழையவை முடிந்துவிட்டன, நான் பார்த்துக்கொண்டேன் என்று பொதுவாகச் சொல்லி, அவரைப் புதிய வேலைகளுக்கு அனுப்பிவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

மழைக்காலத்தில் ஒரு நாள், பழைய கிடங்கு ஒன்றை உணவகமாக்கும் வேலையில், கிழக்குச் சுவர் சரிந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த மாரியப்பன் என்ற கொத்தனாரின் வலது கால் அதனடியில் சிக்கியது.

செய்தி வந்ததும் நான் அலமாரிக்கு ஓடினேன். சுருளை விரித்தேன். ஓரத்தில், மங்கிய பென்சிலில், மலையாளத்தில்... எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'உள்ளே வெறும் மண். முட்டுக் கொடுக்காமல் தொடக் கூடாது.'

வேலையிடத்துக்கு அச்சாகிப் போன தாளில் அந்த வரி இல்லை.

விசாரணை எங்கள் கூட்ட அறையிலேயே நடந்தது. ஜார்ஜ் சார் பதிவைத் திரையில் காட்டினார். விஸ்வநாதன் என்ற பெயர். ஒரே நிமிடத்தில் அத்தனை குறிகள்.

"ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன்லயே எல்லாத்தையும் தட்டி விட்டியா விஸ்வா?"

"இல்ல சாரே... எனக்கு அப்படி ஓர்மையில்ல, ஞாபகமே வரல்ல."

ஜார்ஜ் சார் என் பக்கம் திரும்பினார். "கலா, வேற யாராவது இவர் பேருல செய்ய முடியுமா?"

"முடியாது சார்" என்றேன்.

இரண்டே சொற்கள்! என் குரல் நடுங்கக்கூட இல்லை. இன்றைக்கும் எனக்கு அச்சமூட்டுவது அதுதான்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது விஸ்வேட்டன் என்னை நிறுத்தினார். "எல்லார் முன்னாலயும் கேட்க வேண்டாம்னு இருந்தேன். பாஸ்வேர்டு உன்கிட்ட இருந்துச்சே... நீ ஏதும் செஞ்சியா மோளே?"

என்னைக் காப்பாற்றத்தான் அவர் உள்ளே வாய் திறக்கவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அந்தப் படிக்கட்டில், ஒரே ஒரு ஆளிடம்...

"நீங்க சொன்ன அந்த ஒண்ணுதான் விஸ்வேட்டா. வேற எதையும் தொடல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "அப்போ நான்தான் செஞ்சிருக்கேன். அந்த வராந்தாவுல சும்மா ஃபோனை நோண்டிட்டு இருந்தேன்... உன்னைச் சம்சயிச்சது தப்பாப்போச்சு. மனசுல வெச்சுக்காதே."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். புரிகிறதா உங்களுக்கு? அவர்... என்னிடம்!

நான்கு நாள் கழித்து, அலுவலகத்தின் சார்பில் மாரியப்பனைப் பார்க்க எர்ணாகுளம் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலருகே விஸ்வேட்டன் நின்றிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

"நான் சரியாப் பார்க்காம விட்டதுனாலயாக்கும் உனக்கு இப்படி ஆச்சு. என் மேல சாபம் போட்டாலும் நான் வாங்கிக்கிடுவேன்."

மாரியப்பன் தலையணையிலிருந்து எழ முயன்றார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கய்யா. நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு உரிய மன்னிப்பை வேறொருவர் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டிருந்தார். நான் பழப் பையைச் செவிலியிடம் கொடுத்துவிட்டு வெளியேறினேன். வெளியே பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் வந்ததில் ஏறி உட்கார்ந்தேன். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

விஸ்வேட்டனை வேலையிலிருந்து நீக்கினார்கள். மாரியப்பன் கோலூன்றி ஊர் திரும்பினார். இனி அவரால் சாரம் ஏற முடியாது. எனக்குத் தனி அறை கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவிட நினைத்தேன். என் மகளின் பள்ளி, என் கணவரின் உடல்நிலை... காரணங்கள் எனக்கு எப்போதும் கிடைத்தன. எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனாலும் காரணங்கள்தாமே!

சென்ற வாரம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். மனைவிக்கு மருந்து வாங்கப் போகிறாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, அடுப்பை அணைத்தது, கதவைப் பூட்டியது, சாவியை வைத்த இடம் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் கேட்காமலேயே சொன்னார்: "என் ஓர்மையை நம்ப முடியாதில்லையா. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிடுவேன்." பிறகு, தயங்கி, "இன்னிக்கு வியாழன்தானே கலா?" என்று கேட்டார்.

"ஆமா விஸ்வேட்டா. வியாழன்தான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.