நான் திருத்திய வயிற்றுப் படம்

இதனை எழுதாது விட்டால், என் மறைவுக்குப் பின் இவ்வூரார் என்னைப் பிழை பொறாத தமிழாசிரியர் என்று மட்டுமே நினைவில் வைத்திருப்பர். அப்பெயருக்கு நான் உரியவன் அல்லன். என் கை செய்த ஒரு திருத்தத்தால் ஒரு தாய் சாவின் அருகே சென்றார். அவரை மீட்டவன் இறைவன். அவருடைய மகள் என் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள். நான் வாய் திறவாது நின்றேன். உடன் தொழும் உங்கள்முன் இதைச் சொல்லாமல் என் நன்றி நிறைவுறாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தனர். செவிலியப் பயிற்சி பெற்ற பெண்களுக்கும் அங்கே வேலை உண்டு என்ற செய்தி பரவவே, ஊரில் ஒரு பயிற்சி நிலையம் தோன்றியது. மாணவியர் பெரும்பாலோர் தமிழ்வழியில் பயின்றவர்கள். உடலமைப்பும் உடலியக்கமும் பற்றிய முதற்பாடத்தை ஆங்கிலத்தில் உருப்போட்டுத் திணறினர். ஓய்வு பெற்றிருந்த என்னிடம் அதைத் தமிழில் ஆக்கித் தருமாறு கேட்டனர்.

ஸ்டெல்லா என்னும் ஆசிரியை பாடக்குறிப்புகளை எழுதித் தந்தார்; படங்களையும் அவரே வரைந்தார். பத்துத் திங்கள் உழைத்தேன். தமனி, சிரை, கணையம், மண்ணீரல் என்று ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து அமைத்தேன். பெருமையாக இருந்தது. அச்சுப்படி என் கைக்கு வந்தபோது ஸ்டெல்லா மஸ்கட்டுக்குப் பணிக்குச் சென்றுவிட்டிருந்தார்.

வயிற்றறையைக் காட்டும் படத்தில் தாளின் இடது ஓரத்தில் ‘வலப்புறம்’ என்றும், வலது ஓரத்தில் ‘இடப்புறம்’ என்றும் அவர் எழுதியிருந்தார். இடமும் வலமும் தெரியாத கவனக்குறைவு என்று முடிவுகட்டினேன். சிவப்பு மையால் இரண்டையும் மாற்றினேன். குடல்வால் அடிவயிற்றின் வலப்புறம் உள்ளது என்ற தொடர் நான் திருத்திய படத்தோடு முரண்பட்டது. அதையும் இடப்புறம் என்று ஆக்கினேன். தொலைபேசிக் கூடத்துக்குப் போய் அவரைக் கேட்டிருக்கலாம். பிறர் பிழையைத் திருத்துமுன் அவரைக் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. நூல் அவ்வாறே வெளிவந்தது. ஸ்டெல்லாவுக்குப் பின் வந்தவர், நூலைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு நின்றார்.

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு பிற்பகலில் சல்மா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவள். கணவர் ஷார்ஜாவில் இருந்தார். அந்நிலையத்தில் அவளுக்கு அது இறுதிப் பருவம்.

“ஐயா, நேத்து அம்மாவுக்குத் தொப்புளச் சுத்தி வலின்னாங்க. இன்னிக்கு வலது அடிவயித்துக்கு எறங்கிருச்சு. காய்ச்சல் வேற. அமுக்கிட்டுக் கையை எடுத்தா துடிக்கிறாங்க. குடல்வால் வலதுன்னு ஸ்டெல்லா டீச்சர் சொன்ன மாதிரி ஞாபகம். நம்ம புத்தகத்துல இடதுன்னு இருக்கே?”

“அச்சிலே இருக்கிறதை நம்பும்மா. ஞாபகம் ஏமாத்தும். இது வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடு.”

என் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “அந்தப் புள்ள பயந்து வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லாம, பாடம் நடத்துறீங்களே!”

“உனக்கென்ன தெரியும், சும்மா இரு” என்றேன்.  சல்மா ஓமம் வாங்கப் போனாள்.

அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்றேன். சல்மாவின் தாய் ஜைனம்பு நலம்பெற வேண்டும் என்று நெற்றியைத் தரையில் வைத்து இறைஞ்சினேன். தொழுகை முடிந்ததும், அதை முன்னின்று நடத்திய ஹஜ்ரத் வழக்கம்போல எங்களை நோக்கித் திரும்பி அமர்ந்தார். வலக்கை விரல்களை மடக்கி இறைவனின் பெயரை எண்ணத் தொடங்கினார். நான் முதல் வரிசையில் நேரெதிரே இருந்தேன். அந்த வலக்கை எனக்கு இடப்பக்கத்தில் இருந்தது.

நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் கண்ட காட்சிதான். அன்றுதான் எனக்கு உறைத்தது. படத்தில் உள்ள மனிதனும் நம்மை நோக்கியல்லவா நிற்கிறான்! அவனுடைய வலப்புறம் நமக்கு இடப்புறம். உடற்கூற்று நூல் பார்ப்பவரின் பக்கத்தைச் சொல்லாது. உடலுக்கு உரியவரின் பக்கத்தையே சொல்லும். ஸ்டெல்லா சரியாக எழுதியிருந்தார். நான் நலம் கேட்டேன். இறைவன் என் அறியாமையைக் காட்டினான்.

செருப்பைத் தேடவில்லை. தெருமுனையில் வாடகைக் கார் ஓட்டும் முருகேசன், “என்ன பாய், வெறுங்காலோட ஓடுறீங்க?” என்றார். “வண்டியை எடுப்பா, தஞ்சாவூர் போகணும்” என்றேன். உள்ளூரில் அறுவை மருத்துவர் அன்று இல்லை. சல்மாவும் நானும் ஜைனம்புவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினோம். அந்த நிலையிலும் அவர், “ஒரு வயித்துவலிக்கு ஊரையே கூட்டுறீங்களே ஐயா” என்றார். ஒரத்தநாடு தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. முனகல் மட்டும் கேட்டது.

மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனே அறுவை அறையை ஆயத்தம் செய்யச் சொன்னார். பிறகு சல்மாவைப் பார்த்தார்.

“நர்ஸுக்குப் படிக்கிறியாமே? அப்பெண்டிக்ஸ் எந்தப் பக்கம்னு தெரியாது? நேத்தே கூட்டிட்டு வர்றதுக்கென்ன? நீ வெளிநாடு போயி யாரைக் காப்பாத்தப் போற?”

சல்மாவின் தோள்பையில் என் நூல் இருந்தது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். “எம்மேலதான் தப்பு டாக்டர். நான்தான் சரியாக் கவனிக்கல.”

நான் அங்கேயே நின்றேன். ஒரு சொல் போதும். அது வரவில்லை. எத்தனையோ மேடைகளில் பேசிய நாக்கு அது.

வளாகத்து வேப்பமரத்தடியில் துண்டை விரித்து மாலைத் தொழுகையை நிறைவேற்றினேன். தொழுகைக்குப் பின் அழுதேன். “இறைவா, அந்தத் தாயை மீட்டுத் தா. என் வாயையும் திற” என்று இரண்டே வேண்டினேன். எழுந்து உள்ளே போனபோது மருத்துவர் வெளியே வந்துகொண்டிருந்தார். “வெடிக்கிற நிலையில இருந்துச்சு. எடுத்தாச்சு. பொழைச்சுக்குவாங்க” என்றார். 

முதல் வேண்டுதல் அன்றே கைகூடியது. இரண்டாவது கைகூடுவதற்கு நான்தான் தடையாக இருந்தேன். நாள்தோறும் பேருந்தில் போய் வந்தேன், பழம் வாங்கிப் போனேன், நலம் விசாரித்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. வீடு திரும்பும் நாளில் மருத்துவர் சல்மாவிடம், “இனிமேலாவது எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்குமா?” என்றார். சல்மா சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

“டாக்டரம்மா, அவ சரியாத்தான் கேட்டா. தடுத்தவன் நான். அந்தப் புத்தகம் என்னுது” என்றேன். 

மருத்துவர் சல்மாவிடமிருந்து நூலை வாங்கிப் புரட்டினார். அந்தப் படம் வந்ததும் நிறுத்தினார். “தமிழ் நல்லா இருக்குங்க ஐயா. ஆளுதான் திரும்பி நிக்கிறாரு.”

ஜைனம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சிரிக்க வைக்காதீங்க டாக்டர், தையல் பிஞ்சிரும்!”

மருத்துவர் பேனாவைத் திறந்தார். “உக்காருங்க ஐயா. இன்னும் ரெண்டு எடத்துல தப்பு இருக்கு. பார்த்துரலாம்.” அறுபத்தைந்து வயதில், மாணவியின் முன்னிலையில், என் எழுத்தின்மேல் சிவப்பு மை விழுவதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் சல்மாவிடம் கேட்டேன். “என்னை ஏம்மா காட்டிக்குடுக்கல?”

“அந்தப் புத்தகம் இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காதுங்கய்யா. ஒரு பக்கம் தப்புன்னா மீதியும் தப்பாயிருமா?”



மறுவாரம் பயிற்சி நிலையத்தில் மாணவியர்முன் நின்று நடந்ததைச் சொன்னேன். சிலர் சிரித்தனர். நியாயமே. ஒவ்வொரு படியையும் வாங்கி என் கையாலேயே திருத்தினேன். அதற்குள் ரியாத் சென்றுவிட்ட ஒரு மாணவிக்கு மடல் எழுதினேன். பணியில் சேர்ந்த முதல் வாரமே, குடல்வால் இடப்புறம் என்று சொன்னதற்காகத் தன்னைக் கேலி செய்தார்கள் என்று அவள் பதில் எழுதியிருந்தாள். ஸ்டெல்லாவுக்கும் மன்னிப்பு வேண்டி எழுதினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.

அன்றிலிருந்து, கேட்டறியாமல் எதையும் நான் திருத்துவதில்லை. ஜைனம்பு இன்றும் நலமாக இருக்கிறார். புகழனைத்தும் இறைவனுக்கே. உங்களுள் எவரேனும் செய்த பிழையைச் சொல்ல இயலாமல் நெஞ்சு கனத்திருந்தால், அவனிடம் கேளுங்கள். பாதிக்கப்பட்டவரைக் காக்கும்படி முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் வாயைத் திறக்கும்படி கேளுங்கள். இரண்டையும் அவன் தருவான். எனக்குத் தந்தான்.

நிகழ்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இதில் நான் எழுதிய உடற்செய்தியிலோ, நடந்தவற்றின் வரிசையிலோ பிழை காண்போர் தயங்காமல் எனக்கு எடுத்துரைக்க வேண்டுகிறேன். வயதில் இளையவராயினும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.