வலிக்குமோ?

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் மலையாளச் சீமையில், கிழக்கேகோட்டையில் ஒரு டீக்கடையில் அடுப்படி வேலை பார்த்தார். விறகுப் புகைக்கு நடுவே, கை ஓய்ந்தால் பீடி. அங்கே ஓய்வு என்றாலே அதுதான். பீடி பிடிக்காதவன் சும்மா உட்கார்ந்தால் முதலாளி விடமாட்டார். ஒருநாள் இவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மலையாளி டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "வலிக்குமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சங்கூட வலிக்காது டாக்டரே" என்றார் இவர், பெருமையாக.

டாக்டர் தலையாட்டிவிட்டு இருமல் மருந்து எழுதத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையாளத்தில் வலிப்பது என்றால் புகைப்பது. திருநெல்வேலியிலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் இவர் காதில் அது நோவாகத்தான் விழுந்திருக்கிறது. இவர் சட்டைப்பையில் கைவிட்டுப் பீடிக்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இவருக்கு வலிக்காது டாக்டரே. இவருதான் வலிப்பாரு!"

டாக்டர் எழுதியதை அடித்தார். "இனி வலிக்கருது" என்றார் கண்டிப்பாக. இனிப் பீடி பிடிக்கக்கூடாது என்பது இந்தமுறை இவருக்கும் புரிந்தது.

வெளியே வந்ததும் இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப" என்றார்.