பதினேழு அங்குல வெளுப்பு

லேப்டாப் வாங்க ஒரு ஆள் போனால் போதும் என்று நினைக்கிற பிறவி எங்கள் குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. பொண்ணு பார்க்க எத்தனை பேர் போவோமோ, அத்தனை பேர் லேப்டாப் பார்க்கவும் போவோம். ஹட்டனுக்குப் பஸ் ஏறிய அந்தச் சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர். நான் போனது, வேலை செய்யப் போகிறவள் நான் என்பதால். அப்பா வந்தது, காசு அவர் தோட்ட வேலையில் சேர்த்த சேமலாப நிதிக் காசு என்பதால். அப்பாவைத் தனியாக விட்டால் கடைக்காரர் காதில் பூ வைத்துவிடுவார் என்று அம்மா வந்தாள். சித்தப்பா வந்ததற்குக் காரணம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதன்முதலாகத் தட்டை டிவி வாங்கியவர் அவர்தான். அன்றிலிருந்து திரை என்று எதைப் பற்றிப் பேசினாலும் அவர் சொல்வதே தீர்ப்பு.

எனக்கு அந்த மெஷின் விளையாட்டுச் சாமான் இல்லை. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டு, ஓர் அறைக்கு ஆறு பெண்கள் என்று அடைத்து வைத்த போர்டிங்கில் நான்கு வருடம் குப்பை கொட்டியிருந்தேன். போதும் என்று சொந்த ஊர் லிந்துலைக்குத் திரும்பி வந்தபோது, ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு முதலாளி, "ஒரு ஆல்பம் செஞ்சு காட்டுங்க தங்கச்சி. நல்லா வந்தா வீட்லயே இருந்து மாசாமாசம் வேல செய்யலாம்" என்றார். நல்லா வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. மறுபடியும் போர்டிங்தான், மறுபடியும் குளியலறைக்கு வரிசைதான். அந்த ஒரு ஆல்பத்தில்தான் என் தலையெழுத்து இருந்தது.

ஆகவே நான் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். திரை எவ்வளவு வெளிச்சம் தரும், இருக்கிற நிறங்களில் நூற்றுக்கு எத்தனையைச் சரியாகக் காட்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்குமா, புள்ளி எத்தனை, பளபளப்பா மங்கலா என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்தக் கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, உலகத்தால் ஏமாற்ற முடியாத ஒரே பெண் நான்தான் என்ற மிதப்பில் கடைக்குள் போனேன்.

எந்தக் கடையிலும் திரையைக் காட்டுவதற்கென்று ஒரு பஞ்சவர்ணக் கிளியை வைத்திருக்கிறார்கள். அது தலையைச் சாய்க்கும், இறக்கையை விரிக்கும், பின்னால் தண்ணீர் கொட்டும். எந்தத் திரையில் போட்டாலும் அது அழகாகத்தான் இருக்கும். அதன் வேலையே அதுதான். டை கட்டிய கடைக்காரர் மூன்று மெஷினிலும் கிளியைப் பறக்கவிட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, கிளிய நாங்க வளக்கப் போறதில்ல. மனுசங்களப் போட்டுக் காட்டுங்க" என்றார் சித்தப்பா. சொன்ன கையோடு தன் போனையும் நீட்டினார். அதில் எங்கள் தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் நாங்கள் நான்கு பேரும் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற படம் இருந்தது. நல்ல யோசனை என்று அப்போது எனக்கும் பட்டது, அதுதான் வேடிக்கை.

முதல் மெஷின் நான் கொப்பியில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தது. பதினைந்து அங்குலம், நிறத்துக்கு நூற்றுக்கு நூறு. அதில் எங்கள் படம் திறந்தது. அப்பா கறுப்பு, அம்மா அதைவிட ஒரு பிடி கூட, நான் இரண்டு பேருக்கும் பொதுவாக. நாற்பது வருடம் மலையில் நின்று வாங்கிய வெயில் ஒரு சொட்டுக் குறையாமல் வந்திருந்தது. இப்படி ஒரு திரைக்காகத்தானே ஒரு மாதம் தவம் கிடந்தேன் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஐயய்யோ! இதென்னடி, நாமெல்லாம் அடுப்புக்குள்ளேருந்து எழும்பி வந்த மாதிரி இருக்கோம்?" என்றாள் அம்மா.

"நாம அப்படித்தாம்மா இருக்கோம்."

"இருந்துட்டுப் போறோம். அத ஊருக்கெல்லாம் காட்டணுமாக்கும்?"

இரண்டாவது மெஷின் கொஞ்சம் நீலம் கொட்டியது. "இதுல எல்லாருக்கும் குளிர்காச்சல்" என்று சித்தப்பா ஒரே வார்த்தையில் மூடிவிட்டார். மூன்றாவதில் கடைக்காரர் எங்கள் படத்தைப் போடவே இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி, மூன்றாவதை நகர்த்திவிட்டு, உள்ளே யாரையோ பார்த்து, "லொக்கு எக்க கேன்ன" என்று சிங்களத்தில் குரல் கொடுத்தார். பெரியது வந்தது. பதினேழு அங்குலம். திறந்ததும் எங்கள் நான்கு முகத்திலும் வெளிச்சம் அடித்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரைக்குள்ளே நாங்கள் நால்வரும் வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்து இறங்கியவர்கள் போல மினுமினுத்துக்கொண்டிருந்தோம்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மனுசன் இவ்ளோ செவப்பா இல்ல" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. கொப்பியைத் திறந்தேன். "சித்தப்பா, இது கலர்ல பாதிகூடச் சரியாக் காட்டாது. அந்த மொத மெஷின் நூத்துக்கு நூறு."

"நூறு மார்க் வாங்கினவன்தானே நம்மளக் கறுப்பாக் காட்டுறான்? அந்தப் புத்திசாலி நமக்கு எதுக்கு?" என்றார் சித்தப்பா. "வெலயும் ஒரே வெல. இதுல ரெண்டு இஞ்சு கூட. யோசிச்சுப் பாரு." புடவைக் கடையில் பேசுகிற கணக்கு. கடைக்காரர், "ஐயாவுக்கு நல்ல வெவரம் இருக்குங்க" என்று ஒரு கரண்டி நெய் ஊற்றினார்.

குடும்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். நானும் அந்தத் திரையில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னம் ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து என்னைக் "கருவாச்சி" என்று கூப்பிட்ட அத்தனை பேரையும் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டுவந்து காட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு மாதம் படித்த படிப்பு, ஒரு கொப்பி நிறைய எழுத்து, எல்லாம் என் கன்னத்தைப் பார்த்ததும் காற்றில் போய்விட்டது. "சரி, இதையே எடுப்போம்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதன் மூடியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க அதற்குச் சக்கரம் இல்லையே என்றுதான் அவளுக்குக் குறை. லயத்தில் பாதிப் பேர் தங்கள் படத்தைக் கொண்டுவந்து, அதில் தங்களைப் பார்த்துவிட்டு, சந்தோசமாகப் போனார்கள்.

நான் உட்கார்ந்ததும் முதலில் வெளிச்சத்தைக் குறைத்தேன். கண் கூசுகிற திரையை வைத்துக்கொண்டு படம் வேலை செய்தால் அச்சில் எல்லாம் இருண்டு வரும். கொழும்பில் முதல் வாரமே திட்டு வாங்கிப் படித்த பாடம் அது. ஆனால் அது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா மங்கலா வச்சிருக்க? பாதிய அணைச்சு வச்சா, குடுத்த காசுல பாதி வீணாத்தானே போகுது?"

"இப்படித்தாம்ப்பா வைக்கணும்."

"லைட்டே இல்லாம பாக்கிறதுக்கு சின்னதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே."

அந்த மெஷினில் அப்பா கற்றுக்கொண்டது ஒரே ஒரு பட்டன், வெளிச்சத்தைக் கூட்டுகிற பட்டன். நான் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போய்த் திரும்பி வந்தால் எங்கள் இருட்டுக் காம்பரா அறையில் திரை தேர் போல ஜொலித்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் குறைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் விட்டுவிட்டேன். அழகாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆல்பம் வந்தது. வட்டகொடைப் பொண்ணு, பூண்டுலோயா மாப்பிள்ளை. ஆல்பம் வேலையில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு: பொண்ணு வெளிச்சமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் கறுப்பாக இருந்தால் அதற்குக் களை என்று பெயர். பொண்ணு கறுப்பாக இருந்தால் அதற்குப் பெயர் இல்லை, சரிப்படுத்த வேண்டியதுதான். முதலாளியும் போனில், "பொண்ணக் கொஞ்சம் பாத்துக்குங்க தங்கச்சி" என்று சொல்லியிருந்தார்.

பார்த்தேன். என் பதினேழு அங்குலத்தில் அந்தப் பொண்ணு பால் போல இருந்தாள். இதற்கு மேல் வெளுக்க இவளிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கூறைச் சேலையின் சிவப்பு வெளிறிப் போயிருக்கிறதே என்று நிறத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பக்கம் பக்கமாகச் செய்து, என்னை நானே மெச்சிக்கொண்டு அனுப்பி வைத்தேன்.

பத்து நாள் கழித்து முதலாளி பேசினார். குரலில் தங்கச்சி இல்லை. "என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? பொண்ணு அச்சுல கறுத்துப் போயிருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து கடையையே பொரட்டிட்டாங்க. நாலு நாளையில திருத்திக் குடுக்காட்டி நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

கொழும்பு போர்டிங்கை நடத்துகிற அக்காவின் நம்பரைத் தேடி எடுத்து வைத்தேன், கட்டில் காலியாக இருக்கிறதா என்று கேட்கத்தான்.

மறுநாள் காலை அந்தப் பொண்ணே த்ரீவீலரில் வந்து இறங்கினாள். திருத்தும்போது பக்கத்தில் இருக்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வந்தாளாம். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு. ஆல்பத்தை ஒரு சேலைப் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஜன்னல் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். பக்கத்தைத் திருப்ப அவள் கையை நீட்டினாள். படத்தில் இருந்த கையும், அதன்மேல் இருந்த கையும் ஒரே நிறம். துளி வித்தியாசம் இல்லை. நல்ல கறுப்பு, மினுமினுப்பான கறுப்பு. கீழ் உதட்டுப் பக்கத்தில் ஒரு மச்சம். இத்தனை நாள் திரையில் பார்த்தும் நான் பார்க்காத பொண்ணு, அவ்வளவு அழகாக இருந்தாள்.

கொஞ்சம் தைரியம் வந்தது. "இதுதானே தங்கச்சி ஒங்க நெறம்? சரியாத்தானே வந்திருக்கு?" என்றேன்.

"அது தெரியும்க்கா" என்றாள். "ஆனா மாப்ள வீட்டுக்கு மொத அனுப்புன போட்டோ இதே ஸ்டூடியோவில எடுத்ததுதான். அதுல நான் செவப்பு. மாமியாரு அத ஊரெல்லாம் காட்டிட்டாங்க. இப்ப ஆல்பத்தக் கேக்குறாங்க."

"நேர்லதான் பாத்துட்டாங்களே? கல்யாணமே முடிஞ்சிருச்சே?"

"நேர்ல பாத்தவங்க ஒண்ணும் சொல்லலக்கா. போட்டோவப் பாக்கிறவங்கதான் சொல்லுவாங்க." அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள். "இது நான் இல்லக்கா. தயவு செஞ்சு மாத்திக் குடுங்க."

"நீங்க இப்படியே அழகுதான்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு அழுகை கூடும், எனக்கு வேலை போகும். வேலைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது, மறைப்பானேன்.

வெளிச்சத்தைச் சரியான அளவுக்குக் குறைத்தேன். அப்பா பட்டன் பக்கம் வரவில்லை. திரையில் அந்தப் பொண்ணு தன் நிறத்துக்கு இறங்கி வந்தாள். பிறகு நான் அவளை வெளுப்புக்கு ஏற்றத் தொடங்கினேன்.

"இன்னும் கொஞ்சம்க்கா."

ஏற்றினேன்.

"இன்னும்."

கையில் இருந்த மருதாணி மங்கியது. மூக்குத்தியின் வெளிச்சம் கன்னத்தோடு சேர்ந்துவிட்டது. "மச்சம் போயிருச்சே" என்றேன்.

"போகட்டும்க்கா."

அந்த நேரத்தில் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். திரையை ஒரு முறை பார்த்தாள், அந்தப் பொண்ணை ஒரு முறை பார்த்தாள். "நல்ல லட்சணம். யாரும்மா இது, ஒங்க வீட்டுக்கு வந்த மருமகளா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா!" என்றாள் அந்தப் பொண்ணு. வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோசத்தை நான் என் கையால் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியைக் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆல்பம் மறுபடி அச்சாகிப் பூண்டுலோயா போய்ச் சேர்ந்தது. முதலாளிக்கு மறுபடியும் நான் தங்கச்சி ஆனேன். "இப்புடித்தான் வேணும். இனி எல்லாமே ஒங்களுக்குத்தான்" என்றார். போர்டிங் அக்காவுக்கு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே அடுத்த கல்யாணத்தின் படங்களும் வந்து இறங்கின.

திறந்து பார்த்தேன். மணப்பெண் என்னைவிடக் கறுப்பு. முகத்திலிருந்து ஆரம்பித்தேன்.