நலம் விசாரித்த மூன்று நாட்கள்

வருடா வருடம் இதே பாடம்தான். வீரம், சபலம், அமானுஷ்யம் என்று மூன்று தலைப்பு. எல்லாம் பழைய ஆங்கில இலக்கியம். நல்ல வீரன் ஒருவன் இருப்பான், அவன் காதில் ஓத ஒரு பேய் வரும், பிறகு ஒரு சாவு விழும். கல்லூரியில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பேய் வரும் இடத்தில் மட்டும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்பார்: "சார், பேய் சொல்லலைன்னா அவன் அதச் செஞ்சிருக்க மாட்டான் இல்ல?" நோட்ஸில் இருக்கும் பதிலைச் சொல்லிவிட்டுப் போர்டை அழிக்கத் திரும்பிக்கொள்வேன்.

படிக்கிற காலத்தில் இதே பேப்பரில் நான் இரண்டு முறை தவறியவன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் பட்டமே கிடையாது. பரீட்சைத் தேதி வந்த அன்றுதான் தெரிந்தது, அதே நாளில் எங்கள் வீட்டுக்குப் பாடு.

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன நாள் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் முறை வைத்திருக்கிறோம். அதைத்தான் பாடு என்போம். தவறவிட்டால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவோ மழை விட்டு இறால் ஓடும் நேரம், எங்களுக்கு விழுந்ததோ நல்ல இடம். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தோள்பட்டை போயிருந்தது. தனியாக வலை இழுக்க முடியாது. எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் வெளியாளைப் படகில் ஏற்றவும் கூடாது.

"பரீச்ச இன்னா, அடுத்த வாட்டி எழுதிக்கலாம். பாடு போச்சுன்னா இன்னாத்த துன்றது?" என்றார் நைனா.

"அடுத்த வாட்டியே கெடையாது நைனா" என்றேன். அவர் வலையை எடுத்துக் கிழிசலைத் தைக்க ஆரம்பித்தார்.

பாடு தள்ளிப்போக ஒரே ஒரு வழி உண்டு. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் இறங்காது. முறையும் கெடாது, மறுநாளுக்குப் போகும்.

பின் தெருவில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். கையால் துழாவி நண்டு பிடித்தே காலத்தை ஓட்டியவர். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பரீட்சைக்கு முந்தைய மூன்று நாளும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் டீ போட்டுக் கொடுத்தார். நான் பாயோரம் உட்கார்ந்து அந்த நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாள் தாங்கறதே கஷ்டம்னு சொல்ட்டாரு கண்ணு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார் அந்த அம்மா. நான் மனசுக்குள் தேதியைக் கூட்டிப் பார்த்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பெரியவர் கண் திறந்தார். ஒரு வாய் கஞ்சி இறங்கியது. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. எந்தப் பேயும் வந்து என் காதில் ஓதவில்லை. நாளைக்குள் போய்ச் சேரக் கூடாதா என்று நானேதான் நினைத்தேன்.

விடியும்போது பின் தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது. படகுக்கு எடுத்து வைத்த வலையை நைனா கீழே போட்டார். "போடா, போய் எழுதிட்டு வா" என்றார்.

ஊரே சாவு வீட்டுக்குப் போக, பஸ் ஏறியது நான் ஒருத்தன்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. திருப்பாலைவனம் தாண்டி வயல் வரும்போதுதான் அந்த ஒரு வாய் கஞ்சி நினைவுக்கு வந்தது. அந்த வீரன் கெட்டது பேயாலா, தன் ஆசையாலா என்று கேள்வித்தாளில் கேட்டிருந்தார்கள். கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினேன். நான் வாங்கியதிலேயே அதிக மார்க் அந்தப் பேப்பரில்தான்.

அதை வைத்துத்தான் இந்த வேலை, இந்தச் சம்பளம், இந்த அலுப்பு எல்லாம். ஊருக்குப் போனால் அந்த அம்மா விடுவதில்லை. "ஊர்ல அவன் அவன் வலையத் தூக்கினு போயிட்டான். மூணு நாளும் வந்து அவரு பக்கத்துல குந்தினு இருந்தது இந்தப் புள்ள ஒண்ணுதான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன பொங்கலுக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். காய்ந்த இறாலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், எனக்குத்தான். "நான் அன்னிக்கு வந்தது..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"தெரியும் கண்ணு. ஒரு வாரமா ஒரு பருக்க எறங்கல அவருக்கு. எதுர்ல நீ குந்தினு இருந்தியே, அதனாலதான் அந்த ஒரு வாய் கஞ்சி எறங்குச்சு."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.