தட்டை இறக்கி வைத்தவன்

எத்தியோப்பிய எல்லையோர முகாமில் பொது அடுப்பு நியாபோத்தின் பொறுப்பு. சொந்த ஊரான நாசிரில் சண்டை வெடித்த அன்று, சந்தைக்குப் போயிருந்த மகள் நியாகுமா ஒரு திக்கில் ஓடினாள். தாய் இன்னொரு திக்கில் ஓடி ஆற்றைக் கடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் மகளைப் பற்றிக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆத்திரத்தையெல்லாம் பானையிடம் தீர்த்துக்கொள்வாள். "அடிப்பிடிக்கிறியா, கரிமூஞ்சி? உன்னை ஆத்துல தூக்கிப் போட்டாத்தான் புத்தி வரும்."

ஒரு நாள் லாரியில் வந்து இறங்கிய இளைஞன் ஒருவன் தட்டை நீட்டினான். சோளக் களியைக் கண்டதும் அவன் முகத்தில் உயிர் வந்தது. முதல் கவளத்தை எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அடுப்பு நியாலாம் குரல் கொடுத்தாள்: "நியாகுமா அம்மா, உப்பை இப்படித் தள்ளு."

கவளம் தட்டிலேயே விழுந்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்த தலையோடு வேலிக்கு அப்பால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"பாத்தியா திமிரை? துரைக்கு உன் களி பிடிக்கலையாம்," என்றாள் நியாலாம்.

"பட்டினி கிடந்தவன் களியில குறை பாப்பானாடி?"

நியாபோத்துக்கு மண்டை குடைந்தது. வயிற்று வலியா? அப்படியானால் முதல் கவளத்தையே எடுத்திருக்கமாட்டான். தட்டை எப்போது வைத்தான்? அந்தப் பெயர் காதில் விழுந்ததும். எங்கள் நுவேர் இனத்து ஆண்பிள்ளை பசியில் செத்தாலும் ஒருத்தி எதிரில் மட்டும் சாப்பிடமாட்டான்: பெண்டாட்டியைப் பெற்றவள்.

அகப்பையைக் கீழே வைத்தாள். ஆனால் நாட்டில் எத்தனை நியாகுமாக்கள்! ஆசைப்பட்டு ஏமாற அவளுக்கு இனித் தெம்பில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "நான் கேக்கக் கூடாது, நீ போய்க் கேளு. அவன் பெண்டாட்டி எப்படிப்பட்டவ? உசிரோட இருக்காளா?"

போன நியாலாம் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"கைக்குழந்தைக்குக் காய்ச்சலாம், மருந்துக் கூடாரத்துல உக்காந்திருக்கா. நாசிர்க்காரிதானாம். தங்கமான பொண்ணாம், ஆனா பானையைத் திட்டாம ஒரு வேளைகூடச் சமைக்கமாட்டாளாம்."

நியாபோத் ஓவென்று அழுதாள். அழுதபடியே இன்னொரு தட்டில் களியை அள்ளிப் போட்டாள்.

"கேக்காம கொள்ளாம கட்டியிருக்கான். பொண்ணுக்குப் பரிசமாத் தர வேண்டிய மாடு எங்கேன்னு அப்புறம் வச்சுக்கறேன். இப்ப நான் போயிட்டேன்னு சொல்லு, பாவம், சாப்பிடட்டும்."

தட்டோடு கூடாரத்தைப் பார்த்து ஓடினாள். அன்று பானை நன்றாகவே அடிப்பிடித்தது. அதைத் திட்டத்தான் ஆளில்லை.