பிடரியில் திசை மாறும் அலை

கடையில் அவளை எல்லோரும் அலை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுருட்டை முடியோடு வந்து உட்காருகிறவர்களைச் சூடு காட்டாமல், தளர்ந்த அலைமுடியோடு எழுப்பி அனுப்புவாள், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிகளில் ஸ்ட்ரெய்ட்னர்கள் புகைந்துகொண்டிருக்க, இவள் மட்டும் துணிச்சுருளும் சீப்புமாக நிற்பாள். "அக்கா, நீங்க ஒரு தலையை முடிக்கிறதுக்குள்ள நாங்க ஒரு தெருவையே முடிச்சிடுவோம்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சீண்டுவார்கள். "முடிங்கடி, தெரு பூரா கருகின நாத்தம் வரட்டும்" என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லாதவள்.

சூடான இரும்பை ஏன் தொடுவதில்லை என்பதை மட்டும் அந்த வாய் யாரிடமும் சொன்னதில்லை. இடது கை முழங்கைக்கு மேல் பட்டையாக ஒரு தழும்பு உண்டு. கட்டினவன் ஸ்ட்ரெய்ட்னரை வைத்து அழுத்திய இடம் அது. சோறு ஆறிப்போயிருந்ததாம், அதற்கு. அன்றைக்குக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இன்னொரு நாள் அதே இரும்பைப் பிளக்கில் சொருகிவிட்டு, "பாப்பா கையை நீட்டும்மா" என்று அவன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டபோதுதான், கட்டிய துணியோடு மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறினாள். மகளுக்கு அப்போது பேச்சே திருந்தவில்லை.

தேடுவான் என்று அவளுக்குத் தெரியும். எதைச் சொல்லித் தேடுவான் என்பதும் தெரியும். மகளுக்கு அப்பன் வீட்டுச் சுருட்டை முடி. புகைப்படத்தில் முகம் மங்கினாலும் தலை மங்காது. வெட்டிவிடலாம் என்றால், சுருட்டை முடி குட்டையாக ஆக ஆக இன்னும் மேலே ஏறிச் சுருண்டுகொள்ளும். மருந்து போட்டு நீட்ட வயது பத்தாது. அதனால் அடுப்படி ஸ்டூலில் உட்கார வைத்து, தன் வித்தையையே மகளின் தலையில் காட்டினாள். முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஆளிவிதைக் கூழைத் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து, பெரிய பெரிய பாகமாகப் பிரிப்பாள். பாகம் பெரிதானால்தான் அலை தளரும். பழைய பனியனைச் சுருட்டித் தைத்த துணியில், காதோரத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துச் சுற்றுவாள். பிடரிக்கு வந்ததும் திசையை மாற்றி உள்பக்கமாகச் சுற்றுவாள். ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் காய்ந்த பிறகு, சீப்புப் படாமல் விரலால் மட்டும் உதறுவாள். முதுகில் அலை இரண்டாகப் பிரிந்து விழும். அப்படிப் பிரிந்து விழுவது அவள் கைக்கே உரியது.

"எனக்கு மட்டும் ஏம்மா தினமும் இந்தக் கட்டு?" என்று மகள் சிணுங்குவாள்.

"அழகா இருக்குல்ல, அதுக்குத்தான்" என்பாள் இவள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயந்து பயந்து வளர வேண்டாம் என்று நினைத்தாள். தாய் மனசு அப்படித்தான் நினைக்கும், குற்றம் சொல்ல நான் யார்?

ஆனால் பெருமை என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்தில் குழு நடனம் வைத்தார்கள். ஆடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி தலை வேண்டும் என்று டீச்சர் கேட்டாள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, எல்லாத் தலைகளையும் சுற்றிக் கட்டினாள். படம் எடுக்கும்போது பிள்ளைகள் முதுகைக் காட்டி நின்றார்கள். பள்ளிக்கூடத்து ஃபேஸ்புக் பக்கத்தில் போடட்டுமா என்று டீச்சர் கேட்க, முகம் தெரியவில்லையே என்று தலையாட்டினாள். கீழே கடையின் பெயரைப் போட்டு நன்றி வேறு சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும், அதைப் பார்த்த மற்ற அம்மாக்களும் விடவில்லை. வாரம் தவறாமல் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். இவளும் பூரித்துப்போய்ச் செய்தாள். நாலு பேருக்கு முன்னால் தலை நிமிர்ந்து எத்தனை காலம் ஆகிவிட்டது அவளுக்கு.

ஒரு பிற்பகல், முகக்கவசம் போட்ட ஒருத்தி வந்து அலை அக்காதான் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தாள். தலை அலசிவிட்டவள் துண்டைச் சுற்றி அனுப்பியிருந்தாள். அலை அக்கா வாய்நிறையப் பேசிக்கொண்டே துண்டை அவிழ்த்தாள். உச்சியில் ரெட்டைச் சுழி. நெற்றியோரம் மட்டும் பூனைமுடியாகப் படிந்து, மற்ற இடமெல்லாம் இறுகிச் சுருண்ட அந்த முடியை எத்தனை வருஷம் சுற்றியிருக்கிறாள்! இந்த வித்தையைக் கண்டுபிடித்ததே இந்தத் தலையில்தான்.

முகக்கவசம் இறங்கியது. "அண்ணி" என்றாள் நாத்தனார்.

கை பழக்கதோஷத்தில் கூழைத் தொட்டுக்கொண்டிருந்தது. "தனியாவா வந்த?"

"தனியாத்தான்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"படத்துல முதுகைப் பார்த்தேன். அப்படிப் பிரிச்சு விடுறதுக்கு வேற யாரு இருக்கா?"

"அவருக்குத் தெரியுமா?"

நாத்தனார் கண்ணாடியில் இவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க பண்ணுங்க அண்ணி. அவசரம் இல்ல. மெதுவாவே பண்ணுங்க."

எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினால் என்ன ஆகும்? எப்படியும் இன்றைக்கே இந்த ஊரையும் விட வேண்டியதுதான். முதலில் இவளை நல்லபடியாக அனுப்ப வேண்டும். எதுவும் நடக்காதது போல இருந்தால், பள்ளிக்கூடம் விடும் நேரமானதும் நைசாகக் கிளம்பிப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே சுற்றினாள். ஒரு பாகம், அடுத்த பாகம். நாத்தனாரின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

பிடரிக்கு வந்தாள். ஈர முடியை ஒதுக்கியபோது, அங்கே தோலில் ஒரு பட்டைத் தழும்பு தெரிந்தது. புதுசு. இவள் கையில் இருப்பதன் அதே அகலம்.

"உன்னையுமா?" என்றாள். இந்தப் பெண்ணைத் தன் தங்கையாகத்தான் நினைத்திருந்தாள். இவளை அவனிடம் விட்டுவிட்டு வந்தோமே! தழும்பின் மேல் விரல் படாமல் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் உடைந்துபோனாள். "சுத்தாதீங்க அண்ணி. போதும், விடுங்க. இதுக்கு நேரமாகும்னு தெரிஞ்சுதான் என்னை அனுப்பினான். உங்க கை என் தலையிலயே இருக்கணும்னு சொன்னான். அவன் பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறான். ஓடுங்க!"

கூழ் வழியும் கையோடு ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மணி அடிக்கும் சத்தம் பாதி வழியிலேயே கேட்டுவிட்டது.

திருப்பத்தில் வந்தபோது அவன் தெரிந்தான். வாசலுக்கு எதிரே, இஸ்திரி போட்ட சட்டையோடு, யாரோ நல்ல அப்பாவைப் போல நின்றிருந்தான். பிள்ளைகள் வெளியே வந்து, தெருவின் மறுகோடியில் நிற்கும் வேன்களை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அலைமுடி. எல்லா முதுகிலும் ஒரே மாதிரி இரண்டாகப் பிரிந்து ஆடியது. அவன் ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். முன்னால் போய் எட்டிப் பார்த்தான், பின்னால் வந்தான். மகளின் முகத்தை மழலை மாறாத முகமாகத்தானே கடைசியாகப் பார்த்தான்! அவனுக்குத் தெரியவில்லை. தன் கை வேலைதான் மகளைக் காப்பாற்றியது என்று அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. கூட்டத்துக்குள் நுழைந்து, குனிந்தபடி மகளின் பையைத் தேடினாள். நீலப் பை அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தூரம்தான்.

அப்போது அவன் தேடுவதை நிறுத்திவிட்டு, ரொம்பச் செல்லமாக, "மொட்டும்மா" என்று கூப்பிட்டான். வீட்டில் தொட்டிலாட்டும்போது கூப்பிட்ட பெயர். ஊர் மாறிய நாளிலிருந்து அவள் அதை வாயில் எடுத்ததில்லை.

அத்தனை அலைமுடியும் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு தலை மட்டும் நின்றது. யார் கூப்பிட்டது என்று சிரித்துக்கொண்டே திரும்பியது.