பல்லக்கா பார்த்த மூன்று டைனோசர் படங்கள்

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் பல்லக்கா. பல் செட் செய்யும் லேபில் இருபத்தேழு வருஷமாக வேலை. அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூடப் போன் செய்தால், "பல்லக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த கணக்காளர் ஒருவர் அதைப் பல்லக்கு என்று காதில் வாங்கிக்கொண்டு, பல் கட்டுகிற இடத்தில் பல்லக்கு எதற்கு என்று ஒரு வாரம் குழம்பியதாகச் சொல்வார்கள்.

டாக்டர் நோயாளியின் வாயில் எடுத்த அச்சு அவள் மேஜைக்கு வரும். பிளாஸ்டர் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பாள். மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக எடுத்து நடுவாள். எல்லாப் பல்லையும் அணிவகுப்பு மாதிரி நிறுத்துவது அவளுக்குப் பிடிக்காது. அறுபது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பல் வரிசை வைத்தால், அவர் வாயைத் திறந்ததும் பொய்ப்பல் என்று தெருவே சொல்லிவிடும். அதனால் முன்பல் ஒன்றைக் கடுகளவு திருப்பி வைப்பாள். கடைவாயில் மெல்லும் பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடுவாள். யாரும் கண்டுபிடிக்காமல் இருப்பதுதான் அந்த வேலைக்குக் கிடைக்கிற பாராட்டு. வேறு பாராட்டு அவளுக்கு வந்ததில்லை. அவளும் யாரையும் பாராட்டியதில்லை.

வாய் அப்படி. ஒரு டாக்டர் அனுப்பிய அச்சை, "இது தாடை இல்லை, மழையில் அரித்த ரோடு. மறுபடி எடுக்கவும்" என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினாள். டாக்டர் முகம் சிவக்க நேரில் வந்தார். பல்லக்கா அச்சை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். டாக்டர் வந்த வழியே போனார். மறுநாள் புது அச்சு வந்தது. அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும் என்பதுதான் மற்றவர்களுக்குத் தொல்லை.

அந்த வாய் வீட்டிலும் ஓயாது. கணவர் குடை வாங்கி வந்தால், "மழை வந்தா இந்தக் குடைக்கு யாரு குடை பிடிக்கறது?" என்பாள். சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தால், முள்ளைப் பார்த்து, "ஈர்க்குச்சி வெச்சிருந்தாக்கூட நேரா நின்னிருக்கும்" என்பாள். கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று ரெஜிஸ்டரில் எழுதி வைப்பவர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மனைவியே பேசிவிடுவதால் அவருக்குப் பேச அதிகம் மிச்சம் இருக்காது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறவர்கள், சுரங்கத்தின் மறுமுனையில் டைனோசர்கள் வாழும் பள்ளத்தாக்கில் போய் மாட்டிக்கொள்ளும் கதை. டிப்போவே திரண்டு போய்ப் பார்த்தது. டைம் கீப்பருக்கு மட்டும் அந்த மாதம் மாலை ஷிப்ட். ஷிப்ட் மாறுவதற்குள் படம் தியேட்டரை விட்டு ஓடிவிட்டது. பிறகு இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாம் பாகம் வந்தது. முதல் பாகம் தெரியாமல் மற்றதை எப்படிப் பார்ப்பது என்று அவர் எதற்கும் போகவில்லை. கேன்டீனில் அந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விடுவார்.

இப்போது மூன்றும் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வந்திருந்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"வாங்கிட்டீங்களா, இல்ல வாங்கலாமான்னு கேக்கறீங்களா?" என்றாள் பல்லக்கா.

"வாங்கிட்டேன். ஆனா ஏழு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம். பாத்துட்டு, வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு."

தகரப் பெட்டி. மூடியில் வாயைப் பிளந்த டைனோசர். உள்ளே மூன்று படங்களின் டிஸ்க்குகள், படம் எடுத்த விதத்தைக் காட்டும் நாலாவது டிஸ்க், இருபது பக்கத்துக்கு ஒரு புத்தகம், பஞ்சு மெத்தையில் படுக்க வைத்த ஒரு பிளாஸ்டிக் பல். 'கையால் மெருகிட்ட, அசல் அளவு டைனோசர் பல்' என்று பெட்டியின் முதுகில் அச்சடித்திருந்தார்கள். அவள் கை நேரே அதற்குத்தான் போனது.

"கையால மெருகு போட்டதா இது? ரெண்டு அச்சும் சேர்ற இடத்துல கோடு அப்படியே நிக்குது பாருங்க. இங்க காத்துக் குமிழி. வேர்ப் பக்கம் பொக்குனு ஓட்டை. என் டேபிள்ல இதை எவனாவது வெச்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அது சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்க."

"இதுவா அழகு?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். "மூடியில இருக்கற அதே படத்தை இடம் வலம் மாத்திப் பதினோரு பக்கத்துக்குப் போட்டிருக்கான். நல்லா காதுல பூ சுத்தறாங்க உங்களுக்கு."

ஏழு மணிக்கு முதல் படத்தைப் போட்டார்கள். காட்டில் மூன்று நாள் அலைந்த கதாநாயகியின் புருவம் திருத்தியது திருத்தியபடி இருந்ததை அவள் உடனே சொன்னாள். புல் மேயும் டைனோசர் ஒன்று வாயைத் திறந்ததும் நாற்காலியில் நிமிர்ந்தாள். "புல்லு திங்கறதுக்கு எதுக்குங்க ஊசி ஊசியா பல்லு? அரைக்கணும்னா தட்டையா இருக்கணும். இதை வெச்சுக்கிட்டு அது புல்லைத் தைக்கத்தான் முடியும்." டைம் கீப்பர் தலையை மட்டும் ஆட்டினார்.

பெரிய மிருகம் சுரங்க வாயிலில் வந்து நின்றது. மெதுவாக வாயைத் திறந்தது. பல்லக்காவின் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி போங்க."

எழுந்து போய் டிவி முன்னால் மண்டி போட்டாள். கீழ் வரிசையில், இடது பக்கம், மூன்றாவது பல் லேசாகத் திரும்பியிருந்தது. நுனி தேய்ந்திருந்தது. அதன் அடியில் புதுப் பல் ஒன்று ஈறைக் கீறிக்கொண்டு அரிசி மாதிரி எட்டிப் பார்த்தது. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு கறை, இத்தனை வருஷம் எலும்பைக் கடித்தால் எங்கே படியுமோ சரியாக அங்கே. அது கம்ப்யூட்டரில் வரைந்தது இல்லை. எங்கேயோ ஒரு மேஜையில் யாரோ உட்கார்ந்து, ஒரு பல்லைப் பிடுங்கி, திருப்பி நட்டுப் பார்த்து, போதாதென்று அரத்தால் தேய்த்திருக்கிறார்.

"இதை ஒரு ஆளு கையால செஞ்சிருக்காங்க," என்றாள். நாலு தடவை அந்த இடத்தையே போடச் சொன்னாள். ஐந்தாவது தடவை கேட்கவில்லை. படம் முடிகிறவரை மற்றதையெல்லாம் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது படம். டைனோசர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பக்கமே இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று முதல் படத்தில் சத்தியம் செய்த எஞ்சினியர் இரண்டே நிமிஷத்தில் பெட்டி கட்டிவிட்டார். மிருகங்கள் இப்போது முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. பல்லக்காவுக்கு இது போதும்.

"பல்லைப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி. இதுங்க என்ன, தினம் பல்லு விளக்கிட்டா வேட்டைக்குப் போகுதுங்க? இப்பத்தான் மேல் வரிசையில பதினாலு எண்ணினேன். இந்த சீன்ல பதினெட்டு. நடுவுல எந்த டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துச்சு? இந்த சமையல்காரன் எதுக்குக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி ஒளியறான்? அவனுக்குத்தான் அறிவில்ல, எழுதினவனுக்குமா—"

டைம் கீப்பர் டிவியை அணைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"படம் பாக்கத்தான் உக்காந்தேன். நீ பேசறதைக் கேட்டுட்டிருக்கேன்."

"நான் சொன்னதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. நீ என்னிக்குமே தப்பா சொன்னதில்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "குடை, கடிகாரம், செருப்பு, இந்தப் பெட்டி. நான் ஒண்ணு கொண்டு வந்தா, ஒரே ஒரு நாள் அது நல்லாருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்துட்டு, மறுநாள் நொட்டை சொல்லலாம். அந்த ஒரு நாள்கூட எனக்கு இந்த வீட்ல கிடைச்சதில்ல."

சொல்லிவிட்டு மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். பல்லக்கா அணைந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதில் பேசத் தெரியாதவள் இல்லை. ஆனால் அந்த வார்த்தையில் ஓட்டையும் இல்லை, குமிழியும் இல்லை. எங்கே பிடித்துத் திருப்பி அனுப்புவது என்று தெரியவில்லை.

திங்களும் செவ்வாயும் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். லேபில்கூட, "பல்லக்காவுக்கே பல்வலியா?" என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் வருவதற்கு முன்னால் அவள் நாலாவது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தாள். தயாரிப்பாளர் டைரக்டரைப் புகழ்ந்தார். டைரக்டர் தயாரிப்பாளரைப் புகழ்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கதாநாயகனைப் புகழ்ந்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தவள் ஓர் இடத்தில் ரிமோட்டைத் தேடி எடுத்தாள். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி, ஆள் உயரத் தாடைக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, மெழுகுக் கத்தியால் ஒரு பல்லின் அடியைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அதே கத்தி பல்லக்காவின் மேஜையிலும் உண்டு. நாற்பது செகண்ட். அந்தப் பெண் பேசவில்லை. பெயரும் போடவில்லை. கதாநாயகனுக்கு டீ கொண்டுவந்தவர் பெயரைப் போட்டிருந்தார்கள்.

முதல் படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மிருக பொம்மைகள் செய்தவர்கள் என்று பன்னிரண்டு பேர். அதில் அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பன்னிரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவளே பெட்டியை எடுத்து வைத்தாள். "ரெண்டாவது பாத்தவரைக்கும் போதும், மூணாவதைப் போடுங்க. நான் வாயே திறக்கல."

சொன்னபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படமோ அவளைச் சோதிப்பதற்கென்றே எடுத்தது மாதிரி இருந்தது. எஞ்சினியரின் தம்பி, முதல் படத்தில் பாறை விழுந்து செத்துப்போனவன், பள்ளத்தாக்கில் தாடியோடு உட்கார்ந்து டைனோசர்களுக்கு விசில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு டைனோசர் அழுதது. இன்னொன்று அதன் முதுகைத் தடவிக் கொடுத்தது. பல்லக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் போனபோது டைம் கீப்பர் நாற்காலியில் நெளிந்தார். "செத்தவன் எப்படி வந்தான்?" என்று முணுமுணுத்தார். அவள் வாய் திறக்கவில்லை. "நசுங்கிக் கிடந்தானே, நாமதானே பாத்தோம்." அவள் முந்தானையை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியது. ஸ்டேஷன் கடிகாரம் பெரிதாகத் தெரிந்தது. சுரங்கத்துக்குள் சண்டை, தீ, இடிபாடு, எஞ்சினியரின் நீண்ட பிரசங்கம். ரயில் மறுபடியும் அதே ஸ்டேஷனுக்கு வந்து நின்றது.

டைம் கீப்பர் எழுந்தேவிட்டார். "கிளம்பறப்ப நாலு பத்து. இத்தனையும் நடந்து திரும்பி வர்றப்ப நாலு அஞ்சு. என்ன நினைச்சுட்டிருக்காங்க இவங்க? நாலு பத்துக்குக் கிளம்பின வண்டி நாலு அஞ்சுக்கு வந்துச்சுன்னு எவனாவது எழுதிட்டு வந்தா நான் கையெழுத்துப் போடுவேனா? கேட்டைத் தாண்ட விட மாட்டேன்." திரும்பி மனைவியைப் பார்த்தார். "நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"நான் வாயே திறக்கலங்க."

"திற. தயவுசெஞ்சு திற."

மிச்சமிருந்த இருபது நிமிஷமும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் படத்தைத் துவைத்துக் காயப்போட்டார்கள். விசிலுக்கு அவர், அழுகைக்கு அவள், தாடிக்கு இரண்டு பேரும். சிரிப்பில் கசிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நம்ம வீட்டுக் கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. பதினோரு வருஷமா ஒரு நிமிஷம் பிந்தல." அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அந்த நாற்பது செகண்டை அவள் அவருக்குப் போட்டுக் காட்டியபோது, கேட்காமலே பாக்கெட் நோட்டை எடுத்து அது எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். திருப்பித் தரும் காரணம் என்று தாளில் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பல்லக்கா தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் எழுதினாள்.

"மேடம், டிஸ்க்ல கீறல் இருந்தா மட்டும் எழுதுங்க. படம் பிடிக்கலன்னா எடுக்க மாட்டோம்," என்றார் கடைக்காரர்.

"டிஸ்க்ல கீறல் இல்ல." பஞ்சிலிருந்து பிளாஸ்டிக் பல்லை எடுத்து விளக்கின் கீழ் பிடித்தாள். "கையால மெருகிட்டதுன்னு பெட்டியில போட்டிருக்கு. எந்தக் கை? இந்தக் கோட்டைப் பாருங்க. இந்த ஓட்டையைப் பாருங்க. சொன்ன பொருள் உள்ள இல்ல."

கடைக்காரர் பல்லைப் பார்த்தார். அடுக்கிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார். அதிலும் அதே ஓட்டை பல்லிளித்தது. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "முதல் படம் மட்டும் தனியா இருக்கா?" என்று டைம் கீப்பர் கேட்டார். அடித்தட்டில், வெயிலில் அட்டை வெளுத்த ஒன்று கிடந்தது. அதை வாங்கிக்கொண்டார்கள்.

டிப்போ கேன்டீனில் டைம் கீப்பர் இப்போது எழுந்து போவதில்லை. அந்தப் பெட்டி வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "முதல் படம் வாங்கு. ரெண்டாவது, மூணாவது உனக்குப் பிடிக்காதவங்களுக்கு வாங்கிக் குடு," என்கிறார்.

பெட்டி போட்ட கம்பெனிக்குப் பல்லக்கா ஒரு கடிதம் எழுதினாள். பன்னிரண்டு பேரில் அந்தத் தாடையில் வேலை செய்தவர் யார் என்று ஒரே கேள்வி. இரண்டு மாதம் கழித்துப் பளபளவென்று ஒரு அட்டை வந்தது: நாலாம் பாகம் தயாராகிறதாம், நாலு படமும் சேர்ந்த புதுப் பெட்டி வருகிறதாம், முன்பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு பல். அதைப் படித்து அவள் சொன்னதை அச்சில் போட முடியாது.

இரண்டாவது கடிதத்தை டைம் கீப்பர் தன் கையெழுத்தில் எழுதினார். நாலாவது டிஸ்க், பதினேழாவது நிமிஷம், இருபதாவது செகண்டிலிருந்து பதினெட்டாவது நிமிஷம் வரை, கண்ணாடி போட்ட பெண், பெயர் தேவை. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.